24 மாதக் கணக்கு

அண்ணாவின் வைத்தியக் கோப்பு ஓர் உரப்பைக்குள் இருக்கிறது. உரப்பைக்குள் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை, அதற்குள் கோப்பு. 2009 இல் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், என்னுடைய உயர்தரப் பெறுபேறு எல்லாம் இருந்த தகரப் பெட்டியை மாத்தளனில் ஒரு பதுங்குகுழிக்குள் விட்டுவிட்டுத்தான் வந்தோம். அதன் பிறகு கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் அவர் தொலைத்ததில்லை. மின்சாரப் பட்டியலைக்கூட ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருப்பார். அப்படிக் காப்பாற்றிய காகிதம் ஒன்றில் ஒரு திகதி இருந்தது. அந்தத் திகதியைப் பற்றியும், அதைக் கொண்டு எடுத்த முடிவைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

அவருக்கு வந்திருப்பது பொலிக்குலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இதே நோயோடு இருப்பவர்களின் வீட்டார் யாரிடமாவது என் தொலைபேசி இலக்கத்தை வாங்கி அழைக்கிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ரீச்சர், ஸ்டெம் செல் மாத்தினால் முழுசாச் சுகம் வருமோ?" நான் வைத்தியர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆயினும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரைகளை வாசித்தும், விளங்காத இடங்களை வைத்தியர்களிடம் கேட்டும் நான் தெளிந்துகொண்டது இதுதான்: இந்த நோயில் குருத்துக்கல (ஸ்டெம் செல்) மாற்றின் பலன், அதை எப்போது செய்கிறார்கள், யாருக்குச் செய்கிறார்கள், எவருடைய கலங்களைக் கொண்டு செய்கிறார்கள் என்பவற்றிலேயே தங்கியிருக்கிறது.

2019 மார்கழியில் காலபோக வயலுக்கு உரம் எறிந்துவிட்டு வந்து சால்வையால் கழுத்தைத் துடைத்தபோது அண்ணாவுக்கு நெறி, அதாவது நிணநீர்க்கணு வீக்கம், தட்டுப்பட்டது. நோவில்லை. நோகாத நெறியை எங்கள் ஊரில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பல்லுச் சூத்தை என்றோ தடிமன் என்றோ சொல்லிவிடுவார்கள். கமக்கட்டிலும் வந்த பிறகே வைத்தியசாலைக்குப் போனார். தை மாதம் நெறியொன்றை வெட்டியெடுத்துப் பரிசோதித்து நோயின் பெயரைச் சொன்னார்கள். நோயெதிர்ப்புக்கு உரிய பி வகைக் கலங்களில், 14ஆம் நிறமூர்த்தமும் 18ஆம் நிறமூர்த்தமும் தங்களுக்குள் ஒரு துண்டை மாற்றிக்கொள்வதால், சாக வேண்டிய காலத்தில் சாகாத கலங்கள் உருவாகிச் சேர்ந்துகொண்டே போகும் நோய் இது. நோயாளிகளில் ஏறக்குறைய 85 வீதமானோரிடம் இந்த மாற்றம் காணப்படுகிறது. மெதுவாக வளரும்; மருந்துக்கு நன்றாக அடங்கும்; ஆனால் திரும்பி வரும். இந்த மூன்றையும் ஒன்றாக மனத்தில் வைத்திருக்காமல் இந்த நோயைப் பற்றிய எந்த எண்ணிக்கையையும் வாசிக்கக் கூடாது.

முதல் ஒன்றரை ஆண்டு மருந்தே தரவில்லை. தொந்தரவு இல்லாதவருக்கு முன்கூட்டியே மருந்து ஏற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை என்பது பழைய ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விடயம் என்று வைத்தியர் விளக்கினார். புற்றுநோய் என்று பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா வீட்டுக்கு அனுப்புகிறார்களே என்று அம்மா அழுதார். 2021 நடுப்பகுதியில் நெறிகள் பெருத்து, மாலைக் காய்ச்சலும் மெலிவும் வந்தபோது ஆர்-சொப் என்ற கூட்டு மருந்தை மூன்று கிழமைக்கு ஒருமுறையாக ஆறு தடவை ஏற்றினார்கள். கார்த்திகைக் கடைசியில் முடிந்தது. நெறிகள் முழுதாகக் கரைந்திருந்தன.

அந்த மாதமே ரொறொன்ரோவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் அழைத்தான். நோய் அடங்கியிருக்கும் இந்த நேரத்திலேயே ஸ்டெம் செல் மாற்றைச் செய்துவிட்டால் அடியோடு முடிந்துவிடும், காசைத் தாங்கள் சேர்த்து அனுப்புகிறோம் என்றான். அவனுடைய அன்பில் ஒரு குறையும் இல்லை, அந்த யோசனையும் ஒரு காலத்தில் வைத்திய உலகமே நம்பிய யோசனைதான். முதல் முறை நோய் அடங்கியவுடன் மாற்றுச் செய்வதை ஜெர்மனியிலும் பிரான்சிலும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். நோய் திரும்பாமல் இருக்கும் காலம் நீண்டது. ஆனால் மொத்த ஆயுள் நீளவில்லை, சிலருக்குப் பிற்காலத்தில் வேறு புற்றுநோய்கள் வந்தன. ரிட்டுக்சிமாப் என்ற மருந்து வந்த பிறகு, மாற்று இல்லாமலே நீண்ட காலம் நோயை அடக்கி வைக்க முடிந்தது. ஆகவே முதல் அடக்கத்தில் மாற்று வேண்டாம் என்பதுதான் இன்று பொதுவான நிலைப்பாடு. அதைத் தம்பிக்கு விளங்கப்படுத்த எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தன.

2022 ஆம் ஆண்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசையில் நின்று நின்றே கிளினிக்குக்குப் போய்வந்தோம். 2023 தையில் கழுத்தில் மீண்டும் நெறி. மறுபடியும் வெட்டிப் பரிசோதித்தார்கள். இந்த இரண்டாவது பரிசோதனையை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது, ஏனென்றால் இந்த நோய் சிலரில் வேகமாக வளரும் வேறொரு லிம்போமாவாக மாறிவிடும், அப்படி மாறினால் சிகிச்சையே வேறு. அண்ணாவுக்கு மாறியிருக்கவில்லை.

எங்களைக் கொழும்பில் உள்ள நிபுணரிடம் அனுப்பியபோது கொடுத்துவிட்ட சுருக்க அறிக்கையில் ஒரு பிழை இருந்தது. எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை. நெருக்கடியான நாளில் யாரோ அவசரமாக எழுதியிருப்பார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்ட 2020 தை மாதத்தையே மருந்து தொடங்கிய மாதமாகவும் எழுதியிருந்தார்கள். நிபுணர் அதைப் பார்த்துவிட்டு, "மூன்று வருடம் தாங்கியிருக்கு, பரவாயில்லை" என்றார். அண்ணா ஒன்றும் பேசாமல் குனிந்து, காலடியில் வைத்திருந்த உரப்பையின் கட்டை அவிழ்த்தார். ஒவ்வொரு பொலித்தீனாக உரித்து, முதல் மருந்து ஏற்றிய நாள் தாதி எழுதிக்கொடுத்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். 2021 ஓகஸ்ட் 11. வைத்தியர் அட்டையையும் அறிக்கையையும் மாறிமாறிப் பார்த்தார், பிறகு விரல்விட்டு எண்ணினார். பதினேழு மாதம். பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்படியென்றால் நாங்கள் வேறு கதை கதைக்க வேணும்" என்றார்.

அந்த வேறு கதை 24 மாதக் கணக்கு. 2015 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஆர்-சொப் பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்புகிறது. அப்படித் திரும்பியவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தோர் 50 வீதம். திரும்பாதவர்களில் 90 வீதம். நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கூட்டத்தாரும் போகும் பாதை வேறு. மெதுவான நோய்தானே, அடுத்த மருந்தைப் பார்ப்போம் என்று ஆறுதலாக இருக்கலாம் என்ற பேச்சு இரண்டாவது கூட்டத்துக்கே பொருந்தும். முதலாவது கூட்டத்துக்கு, இரண்டாவது மருந்தால் நோயை அடக்கி, தாமதிக்காமல் நோயாளியின் சொந்தக் குருத்துக்கலத்தைக் கொண்டு மாற்றுச் செய்வது பலன் தருவதாகப் பின்னர் வந்த தரவுகள் காட்டுகின்றன. 2018 இல் வந்த அமெரிக்கத் தரவொன்றில், முதற் சிகிச்சை விரைவில் தோற்றவர்களுள் அடுத்த ஓராண்டுக்குள் மாற்றுச் செய்துகொண்டோரில் 73 வீதமானோரும், செய்யாதோரில் 60 வீதமானோரும் ஐந்து ஆண்டு கடந்து வாழ்ந்தனர். ஜெர்மன் தரவில் அது 77க்கு 59. இவை குலுக்கல் முறை ஆய்வுகள் இல்லை. உடல்வலு உள்ளவர்களையே மாற்றுக்குத் தெரிவுசெய்திருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துத்தான் நான் இவற்றை வாசிக்கிறேன். குலுக்கல் முறையில் நடந்தது ஐரோப்பாவின் கப் ஆய்வு. 2003 இல் வெளிவந்த அதில், நோய் திரும்பிய 89 பேரைப் பிரித்ததில், நான்கு ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தோர் மருந்து மட்டும் பெற்றோரில் 46 வீதம், மாற்றுப் பெற்ற இரு பிரிவுகளில் 71 வீதமும் 77 வீதமும். சிறிய ஆய்வு, ரிட்டுக்சிமாப் பரவுவதற்கு முந்தியது. இருந்தும் மாற்றின் பக்கம் நிற்கும் சான்றுகளில் எனக்கு மிக உறுதியாகத் தெரிவது அதுவே.

திருப்பி எங்கள் கதைக்கு வருகிறேன். மாற்று என்றதும் நான் கேட்ட முதற் கேள்வி, என்னுடையதை எடுக்கலாமா என்பதுதான். மாற்றில் இரண்டு வகை உண்டு. நோயாளியின் சொந்தக் கலங்களை எடுத்து வைத்து, மிக உயர்ந்த அளவில் மருந்தை ஏற்றிய பின் திருப்பிக் கொடுப்பது ஒன்று. இதில் நோயைக் கொல்வது மருந்துதான். அந்த மருந்தால் அழிந்துபோகும் எலும்பு மச்சையை மீண்டும் முளைக்கச் செய்வதே கலங்களின் வேலை. "விதைநெல்லை எடுத்து வைச்சிட்டு வயலுக்கு நெருப்பு வைக்கிறது" என்று அண்ணா அம்மாவுக்கு ஒரே வரியில் விளங்கப்படுத்தினார், அதைவிட நன்றாக நான் எங்கும் வாசிக்கவில்லை. மற்றது பிறருடைய கலம். அங்கே வந்து சேரும் புதிய நோயெதிர்ப்பே புற்றைத் தேடித் தாக்கும், ஆகவே நோய் திரும்புவது குறைவு. ஆனால் அதே நோயெதிர்ப்பு நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும்கூடத் தாக்கலாம்.

பிறர் என்றால் முதலில் உடன்பிறப்பு. கலங்களின் மேல் உள்ள எச்.எல்.ஏ. என்ற அடையாளம் முழுதாகப் பொருந்துவதற்கு ஒவ்வொரு சகோதரருக்கும் உள்ள நிகழ்தகவு நான்கில் ஒன்று. நாங்கள் ஐந்து பேர் பிறந்தோம். நிகழ்தகவு நான் ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் எழுதும் பாடம். அண்ணாவுக்கு நான்கு சகோதரர் இருந்திருந்தால், குறைந்தது ஒருவராவது பொருந்துவதற்கான வாய்ப்பு 68 வீதம். இருவர் 2009 இல் இல்லாமற் போனார்கள். எஞ்சியிருப்பது நானும் ரொறொன்ரோவுக்கு அருகே இருக்கும் அக்காவும். இருவர் என்றால் வாய்ப்பு 44 வீதம். வைத்தியசாலை வாங்கில் இருந்து, மருந்துச் சிட்டையின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைச் செய்தேன். ஒவ்வொரு சகோதரரைக் கழிக்கும்போதும் முக்கால் என்ற பின்னத்தின் அடுக்கு ஒன்று குறைகிறது. போர் எங்களிடமிருந்து எடுத்ததை நான் எண்ணாக எழுதிப் பார்த்தது அந்த ஒரு முறைதான். வன்னியில் மச்சை கொடுக்க ஆள் தேட வேண்டிய ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கழித்தல் இருக்கும்.

பரிசோதனையில் நான் முழுதாகப் பொருந்தினேன். அக்கா பொருந்தவில்லை. அன்று இரவு பேருந்தில் வவுனியா வரும்வரை எனக்கு நித்திரை வரவில்லை. அண்ணாவுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே அதற்குக் காரணம். ஆனால் அடுத்த கிளினிக்கில் வைத்தியர் வேறு விதமாகச் சொன்னார். நோய் விரைவில் திரும்பியவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்ட 2018 ஆம் ஆண்டுத் தரவொன்றை அவர் காட்டினார். ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தோர் சொந்தக் கலம் பெற்றோரில் 70 வீதம், பொருந்திய உடன்பிறப்பின் கலம் பெற்றோரில் 73 வீதம், உறவில்லாதவரின் கலம் பெற்றோரில் 49 வீதம். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி வேறு: நோயால் அன்றி, சிகிச்சையின் விளைவால் இறந்தோர் முறையே 5, 17, 33 வீதம், நோய் மீண்டும் வந்தோர் 58, 31, 23 வீதம். உடன்பிறப்பின் கலம் நோயை அதிகம் அடக்குகிறது, ஆனால் அதற்கான விலையை முதல் ஆண்டுகளிலேயே கேட்கிறது. "இப்போது அவருடைய சொந்தக் கலத்தோடு போவோம், உங்களுடையதைக் கையிருப்பில் வைத்திருப்போம்" என்றார் வைத்தியர். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கணக்கு அவருடைய பக்கம் நிற்பதைப் பார்த்து ஒப்புக்கொண்டேன்.

இரண்டாவது மருந்துக் கூட்டு மூன்று சுற்றில் நோயை அடக்கியது. பிறகு கலத்தைக் குருதிக்குள் இறக்கும் ஊசியை ஐந்து நாள் போட்டார்கள்; இடுப்பெலும்பு உள்ளே இருந்து உடைவது போல் வலித்ததாகச் சொன்னார். ஆறாம் நாள் ஒரு கையிலிருந்து எடுத்த குருதி இயந்திரத்துக்குள் சுற்றி மறு கையால் திரும்பியது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 20 இலட்சம் கலமாவது வேண்டும். அண்ணாவுக்கு ஒரே நாளில் 46 இலட்சம் கிடைத்தது. தேனீர் நிறத்தில், தடித்த, கையளவான பை. திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையை அண்டிய குளிரில் அதை வைத்தார்கள்.

2023 ஆடியில் பீம் என்ற நான்கு மருந்துக் கூட்டை ஆறு நாள் ஏற்றினார்கள். கடைசி நாள் மெல்பலான் ஏறும்போது வாய் புண்ணாகாமல் இருக்க ஐஸ் கட்டியைச் சூப்பச் சொன்னார்கள். வாயின் குருதிக்குழாய்கள் சுருங்கினால் மருந்து அங்கே குறைவாகச் சேரும். இரண்டு மணித்தியாலம் பல்லுக் கிட்டித்து நடுங்கிக்கொண்டே சூப்பினார். மறுநாள் பையை இளஞ்சூட்டு நீரில் உருக்கி ஏற்றினார்கள். கலங்களைக் குளிரில் காப்பதற்குச் சேர்க்கும் திரவத்தின் மணம் அறை முழுவதும் பரவியது. உள்ளிப் பூண்டை நசுக்கிச் சோளத்தோடு அவித்தது போன்ற மணம். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. ஊரில் இதைச் சத்திரசிகிச்சை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குருதி ஏற்றுவதைவிடக் கடினமான எதுவும் அங்கே நடக்கவில்லை.

கடினமானவை அதற்குப் பின் வந்தன. ஐந்தாம் நாளிலிருந்து வெண்கலங்கள் இல்லாமற் போய், காய்ச்சல் 39 பாகையைத் தாண்டியது. ஐஸ் சூப்பியும் தொண்டை புண்ணாகி, எச்சிலை விழுங்கவே அஞ்சினார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காட்டுவேன். அவர் ஒரு விரலை உயர்த்துவார். பதினோராம் நாள் காலை தாதி ஒரு துண்டில் எண்ணை எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார்: 520. முதிர்ந்த வெண்கலம் 500ஐத் தாண்டினால் கலம் பிடித்துவிட்டது என்று பொருள். அந்தத் துண்டும் இப்போது உரப்பைக்குள் இருக்கிறது.

வீடு திரும்பிய பின் ஒரு விவசாயிக்குச் சொல்லப்பட்ட கட்டுப்பாடுகள் எளிதானவை இல்லை. நெற்தூசியில் பூஞ்சண வித்து இருக்கும், ஆகவே சூடடிக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. வைக்கோற் போரும் மாட்டுக் கொட்டிலும் வேண்டாம். சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். இரண்டு போகம் வரம்பில் நின்று பார்த்தார். மாற்றோடு பழைய தடுப்பூசிகளின் பாதுகாப்பும் போய்விடுவதால், குழந்தைகளுக்குப் போடும் ஊசிகளை மீண்டும் தொடங்க வேண்டும். சின்னமுத்துக்குரியதைப் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். இந்த விபரத்தை வீட்டுக்கு அனுப்பும்போது கேட்டு எழுதி வாங்குங்கள். பலருக்கு இது தெரிவதில்லை.

முழுச் சுகமா என்ற கேள்விக்கு வருகிறேன். இலண்டனிலும் பொஸ்டனிலும் சொந்தக் கலம் பெற்ற 121 பேரை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2007 இல் வெளிவந்தது. பத்து ஆண்டில் 48 வீதமானோருக்கு நோய் திரும்பியிருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு கோடு கீழே இறங்காமல் சமமாகப் போகிறது. அந்தச் சமமான கோட்டில் நிற்பவர்களுக்குச் சுகம் வந்துவிட்டது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அதே கூட்டத்தில் சிலருக்குச் சிகிச்சையின் பின்விளைவாக மச்சைக் கோளாறும் வெண்குருதிப் புற்றும் வந்தன. அவர்களுக்கு உடல் முழுவதும் கதிர்வீச்சும் கொடுத்திருந்தார்கள், இன்று அது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. அழைப்பவர்களிடம் நான் சொல்வது: பாதிப்பேருக்கு அருகில் பல்லாண்டு நிம்மதி கிடைக்கிறது, மீதிப்பேருக்கு நோய் திரும்பும், திரும்பினால் இன்னும் வழி உண்டு. நோயாளியின் நோயெதிர்ப்புக் கலத்தையே மாற்றியமைத்து ஏற்றும் கார்-டி சிகிச்சையை அமெரிக்காவில் 2021 இல் இந்த நோய்க்கு அனுமதித்தார்கள். இந்தியாவில் உருவாக்கிய ஒன்றுக்கு 2023 ஒக்டோபரில் அங்கே அனுமதி கிடைத்தது. பாக்குநீரிணைக்கு அப்பால் வந்துவிட்டது, இங்கும் வர வேண்டும். பிள்ளையின் கலியாணத்துக்கு வைத்த காணியை விற்று ஒருவர் முதல் அடக்கத்திலேயே மாற்றுக்கு ஓடுவதைக் கேட்கும்போது மட்டும் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. முதல் மருந்து தொடங்கிய திகதியைச் சொல்லுங்கள் என்றுதான் அவர்களிடம் முதலில் கேட்கிறேன்.

மாற்று நடந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டது. கடைசி ஸ்கானில் ஒன்றும் இல்லை. இந்த முறை காலபோக விதைப்புக்கு, முழங்கால்வரை சப்பாத்து அணிந்து, வயலில் இறங்கினார். போன கிழமை அவர் உரப்பையை அவிழ்த்துப் புதிய ஸ்கான் அறிக்கையை வைத்தபோது, என்னுடைய எச்.எல்.ஏ. அறிக்கையைத் தனியாக இன்னொரு பொலித்தீனில் சுற்றி, அதன் மேல் நீல மையால் திகதியிட்டுக் கோப்பின் அடியில் வைத்திருப்பதைக் கண்டேன்.